முனையைக் காணோம்: கைபேசி வழிப் பணிப்பயிற்சி பற்றி வாசகர் கேள்விகள்

தொழிலாளர்களுக்கான பயிற்சியை வகுப்பறையிலிருந்து கைபேசிக்குக் கொண்டுபோவது பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, ஆலைகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் பயிற்சிப் பாடங்கள் வடிவமைத்துத் தரும் நம் பத்தியாளர் இங்கே பதிலளிக்கிறார். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை வெளியிடவில்லை.

எங்கள் பின்னலாடை ஆலையில் புதிதாகச் சேரும் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு, தரம் இரண்டையும் பற்றி ஒரு முழுநாள் வகுப்பு நடத்துகிறோம். அதில் 120 ஸ்லைடுகள் உள்ளன. அவற்றை அப்படியே கைபேசியில் பார்க்கும்படி மாற்றித் தருவதாக ஒரு மென்பொருள் நிறுவனம் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?
— மனிதவள அலுவலர், திருப்பூர்

வேண்டாம். சுவரளவு திரையில் காட்டிய படத்தை உள்ளங்கைக்குள் அடக்கும்போது எழுத்து சிறிதாவது மட்டுமல்ல, அந்தப் படத்தின் பக்கத்தில் நின்று விளக்கிய பயிற்றுநரும் காணாமல் போகிறார். ஸ்லைடில் இருந்தது அவர் பேசுவதற்கான குறிப்புதான்; பாடம் அவர் வாயில் இருந்தது. அவர் இல்லாத ஸ்லைடுகளைத் தொழிலாளி விரலால் தள்ளிக்கொண்டே போவார், கடைசி ஸ்லைடு வந்ததும் மென்பொருள் 'பயிற்சி முடித்தார்' என்று பதிந்துகொள்ளும், உங்களிடம் ஓர் அழகான அறிக்கை இருக்கும்.

முதலில் அந்த 120 ஸ்லைடுகளில் உள்ள செய்திகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள். யோசிக்க நேரமில்லாதபோது மனத்திலிருந்து தானாக வர வேண்டியவை முதல் குவியல்: அபாயமணி அடித்தால் எந்த வாசல் வழியாக வெளியேறுவது, விரல் மாட்டிக்கொண்டால் எந்தச் சுவிட்சை அணைப்பது போன்றவை. தேவைப்படும்போது எடுத்துப் பார்த்தால் போதும் என்பவை இரண்டாவது: எந்தத் துணிக்கு எந்த எண் ஊசி, தையல் விட்டுவிட்டு விழுந்தால் எதை எதைச் சரிபார்ப்பது போன்றவை. இவற்றை மனப்பாடம் செய்யச் சொல்வது வீண் வேலை. இயந்திரத்தின் பக்கத்திலேயே நொடியில் கண்டுபிடிக்கும்படி கைபேசியில் வைத்துவிடுவதுதான் முறை. மூன்றாவது குவியலில் இருப்பவற்றைக் கை மட்டுமே கற்கும்: துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் இயந்திரத்தில் நூல் கோப்பது, கழுத்து வளைவில் துணியை இழுக்காமல் விடுவது. இவற்றைக் கைபேசி காட்டலாம், பழக்க முடியாது. அருகில் உட்கார்ந்து திருத்தும் மூத்த தையற்காரருக்கு மாற்று எதையும் இதுவரை நான் பார்க்கவில்லை. மூன்றிலும் சேராத ஸ்லைடுகளும் கணிசமாக மிஞ்சும். நிறுவனரின் படம், விருதுகள், நோக்க அறிக்கை ஆகியவற்றை வரவேற்பறைச் சுவரில் மாட்டிவிடலாம்.

இப்போது ஒரே ஒரு விதியை எடுத்து, அது கைபேசிப் பாடமாக எப்படி மாறும் என்று பார்ப்போம். ஏற்றுமதிக்குத் தைக்கும் ஆலைகளில் உடைந்த ஊசிக்கென்று ஒரு நடைமுறை உண்டு. ஊசி உடைந்தால் இயந்திரத்தை நிறுத்தி, துண்டுகள் அனைத்தையும் தேடியெடுத்து, அவற்றை ஒப்படைத்துப் பதிவேட்டில் ஒட்டிய பிறகே புது ஊசி வாங்க வேண்டும். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்த இடத்திலிருந்த பீஸ்களைத் தனியே ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். ஏதோ ஓர் ஊரில் ஒரு குழந்தை அணியப்போகும் பனியனுக்குள் ஊசிமுனை போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும். உங்கள் ஸ்லைடில் இது 'ஊசிக் கொள்கை' என்ற தலைப்பின் கீழ் ஆறேழு வரிகளாக இருக்கும் என்று நினைக்கிறேன். வகுப்பில் எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள். ஆனால் தையல் இயந்திரங்கள் வரிசையாக ஓடும் லைனில் இந்த விதி மீறப்படுவது தெரியாததால் அல்ல, அவசரத்தாலும் பயத்தாலும்தான். ஆகவே பாடமும் அந்த அவசரத்துக்குள்ளிருந்தே தொடங்க வேண்டும்.

முதல் திரையில் உங்கள் ஆலையிலேயே எடுத்த ஒரு புகைப்படம்: தையல் தகட்டின் மேல் இரண்டு ஊசித் துண்டுகள். அதன் கீழே இவ்வளவுதான் எழுத்து: "மாலை ஐந்தரை மணி. இன்னும் நாற்பது பீஸ் பாக்கி. ஊசி உடைந்துவிட்டது. இரண்டு துண்டு கிடைத்தது, முனையைக் காணோம். சூப்பர்வைசர் உங்களையே பார்க்கிறார். என்ன செய்வீர்கள்?" மூன்று விடைகள் தரலாம். பையில் இருக்கும் ஊசியைப் போட்டு பீஸை முடித்துவிட்டுப் பிறகு சொல்வது ஒன்று. கிடைத்த இரண்டு துண்டுகளையும் கொடுத்துப் புது ஊசி வாங்கிக்கொள்வது இன்னொன்று. கையை உயர்த்தி, பீஸ்களைத் தொடாமல் அப்படியே விட்டு, 'முனையைக் காணோம்' என்று சொல்வது மூன்றாவது.

இவற்றில் இரண்டாவது விடைக்காகத்தான் இந்தப் பாடமே. முதலாவது தவறு என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதோ விதியைப் பின்பற்றுவது போலவே தோன்றும். அதைத் தொட்டவருக்கு 'தவறு' என்று சிவப்புப் பெருக்கல் குறி காட்டாதீர்கள். அடுத்த திரையில், தைத்து முடித்த சின்னப் பனியன் ஒன்றின் மடிப்புக்குள் முனை கிடக்கும் படத்தைக் காட்டி, "முனை இங்கே இருந்தது. நீங்கள் சொல்லாததால் யாரும் தேடவில்லை" என்று எழுதுங்கள். மூன்றாவது திரையில் செய்ய வேண்டியவை நான்கு வரியில் இருக்கட்டும். மொத்தம் இரண்டு நிமிடம் ஆகும். தவறான விடைகளை அலுவலகத்தில் உட்கார்ந்து கற்பனை செய்யாமல், "உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?" என்று சூப்பர்வைசர்களிடம் தேநீர் நேரத்தில் கேட்டு எழுத வேண்டும் என்பது மட்டும் முக்கியம். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்காக ஒவ்வொரு திரையிலும் குரலில் கேட்கும் பொத்தான் ஒன்றும் வேண்டும். உங்களிடம் வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு அதே திரைகளை இந்தியிலும் ஒடியாவிலும் தரலாம். படங்களை மாற்ற வேண்டியதில்லை.

ஒரு கைபேசிப் பாடம் எத்தனை நிமிடம் இருக்கலாம்? மனிதனின் கவனம் எட்டு விநாடிதான், தங்கமீனைவிடக் குறைவு என்று ஒரு கருத்தரங்கில் சொன்னார்கள்.
— பயிற்சி ஒருங்கிணைப்பாளர், சென்னை

தங்கமீன் கதைக்கு ஆய்வு ஆதாரம் எதுவும் கிடையாது. இரண்டரை மணி நேரப் படத்தை விசிலடித்துப் பார்க்கும் ஊரில் நின்றுகொண்டு அதை மேடையில் சொல்ல எப்படித்தான் துணிகிறார்களோ!

'ஆறு நிமிடம்' என்று இன்னொரு கணக்கையும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதற்கு ஆதாரம் உண்டு. எடெக்ஸ் இணையவழிப் பாடங்களில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து பிலிப் குவோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட கட்டுரையில், காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பெரும்பாலோர் அதைப் பார்க்கும் நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று காட்டினார்கள். ஆனால் அவர்கள் அளந்தது எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைத்தான். எவ்வளவு கற்றார்கள் என்பதை அல்ல. அதோடு, பல்கலைக்கழகப் பாடத்தைத் தாமே விரும்பித் தேர்ந்தெடுத்தவர்களின் கணக்கு அது. ஷிப்ட் மணி அடிப்பதற்கு முன் நின்றபடி பார்ப்பவருக்கு அது அப்படியே பொருந்தாது.

நிமிடத்தை வைத்து வெட்டாதீர்கள். முடிவை வைத்து வெட்டுங்கள். தொழிலாளி எடுக்க வேண்டிய ஒரு முடிவுக்கு ஒரு பாடம். சில பாடங்கள் நாற்பது விநாடியில் முடிந்துவிடும், சில ஐந்து நிமிடம் கேட்கும். அரை மணி நேர உரையைப் பத்துத் துண்டாக நறுக்கி 'நுண்பாடம்' என்று பெயர் வைப்பதில் நறுக்கியவருக்கு மட்டுமே பயன்.

தமிழ்ப் பாடங்களுக்குத் திரை அமைக்கும்போது எதில் கவனம் வேண்டும்? ஆங்கிலத்தில் ஒழுங்காக இருக்கும் வடிவம் தமிழில் சிதறிப்போகிறது.
— செயலி வடிவமைப்பாளர், மதுரை

ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையில் தமிழைத் திணிப்பதால்தான் சிதறுகிறது. முதல் வரைவையே தமிழில் செய்யுங்கள். 'சமர்ப்பிக்கவும்' என்ற சொல்லுக்கு இடம் போதாமல் எழுத்தைச் சுருக்கிய பொத்தான்களை நிறையப் பார்க்கிறோம். 'அனுப்பு' என்றால் இடமும் போதும், பொருளும் உடனே விளங்கும். 'பயன்படுத்தப்படவேண்டியவை' போன்ற நீண்ட தொடர்கள் சிறு திரையில் எங்காவது உடைந்து, 'பயன்படுத்தப்படவேண்' என்று ஒரு வரியிலும் மிச்சம் அடுத்த வரியிலுமாக விழும். அப்படி உடையும் இடத்தில் வடிவத்தைத் திருத்துவதைவிட வாக்கியத்தைத் திருத்துவது நல்லது; 'இவற்றைப் பயன்படுத்துங்கள்' என்றாலே போதும். தமிழ் எழுத்துகளுக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் உண்டு என்பதால், ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் ஒரு வரியின் 'டு' அடுத்த வரியின் 'கீ'யோடு இடிக்கும். எழுத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்காவது வரிக்கு இடம் கொடுங்கள். ஆலைகளில் கிடைக்கும் பழைய கோப்புகள் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவையாக இருக்கலாம். அவற்றை முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் தேடல் வேலை செய்யாது, தேட முடியாத பாடம் அவசரத்துக்கு உதவாது.

அடுத்தது பெருவிரல். தெருவிலும் பேருந்திலும் கைபேசியைப் பயன்படுத்திக்கொண்டிருந்த 1,333 பேரைக் கவனித்து ஸ்டீவன் ஹூபர் 2013இல் வெளியிட்ட கணக்கில், திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 விழுக்காட்டினர் ஒரே கையால் பிடித்துப் பெருவிரலாலேயே இயக்கினார்கள். தொழிற்கூடத்தில் மற்றொரு கையில் ஏதாவது இருப்பது வழக்கம் என்பதால் இது இன்னும் முக்கியமாகிறது. அடிக்கடி தொட வேண்டிய பொத்தான்கள் திரையின் கீழ்ப்பாதியில் இருக்கட்டும். ஆண்ட்ராய்டுக்கான கூகுளின் வழிகாட்டுதல் ஒரு தொடுபரப்பை ஏறத்தாழ 9 மில்லிமீட்டருக்குக் குறையாமல் அமைக்கச் சொல்கிறது; வேலை செய்து காய்த்துப்போன விரல்களுக்கு நான் அதைவிடப் பெரிதாகவே வைப்பேன். சாதாரணக் கையுறை போட்ட விரலைத் தொடுதிரை உணராது, ஈர விரலைத் தாறுமாறாக உணரும். கையுறை கட்டாயமான இடங்களில், வேலை தொடங்கும் முன்பே பார்த்து முடிக்கும்படி பாடத்தை அமைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நூற்பாலைக்காக, ரிங் பிரேம் என்னும் நூற்பு இயந்திரப் பகுதியில் அறுந்த நூலை இணைக்கும் சைடர் பெண்களுக்கென்று குரல்வழிப் பாடங்கள் செய்தோம். நல்ல குரல், நல்ல ஒலிப்பதிவுக் கூடம், மெல்லிய பின்னணி இசை என்று எதிலும் குறை வைக்கவில்லை. முதல் நாள் ரிங் பிரேம்களுக்கு நடுவே ஒரு பெண்ணிடம் கைபேசியைக் கொடுத்தேன். அவர் அதைக் காதில் வைத்தார், திருப்பி வைத்தார், பிறகு சிரித்துக்கொண்டே என்னிடம் ஏதோ சொன்னார். அவர் சொன்னதும் எனக்குக் கேட்கவில்லை. இரைச்சலுக்காகக் காதில் அடைப்பான் வைத்திருப்பவருக்குக் குரல் பாடம் செய்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. இயர்போன் தரலாம் என்றார் ஒருவர். சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கும் கம்பியை எந்தப் பாதுகாப்பு அலுவலரும் அனுமதிக்க மாட்டார். எல்லாவற்றையும் படமும் எழுத்துமாக மாற்றிச் செய்தோம். வடிவமைப்பாளர் ஒரு ஷிப்டாவது அந்த இடத்தில் நின்றுவிட்டு வந்தால், கூட்டம் போட்டு விவாதிக்கும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகக் கிடைத்துவிடும்.

வேலை செய்முறையைக் காணொளியாக எடுக்கும்போது கேமராவை எங்கே வைப்பது?
— தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர், ஈரோடு

செய்பவரின் கண் இருக்கும் இடத்தில் வையுங்கள். அதாவது அவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து அல்லது தலைக்கு மேலிருந்து எடுங்கள். எதிரே நின்று எடுத்தால், பார்ப்பவர் இடம் வலத்தை மனத்துக்குள் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். மின்சுற்று உறுப்புகளைப் பொருத்தும் வேலையை வைத்து லோகன் ஃபியோரெல்லா, ரிச்சர்டு மேயர் உள்ளிட்டோர் 2017இல் வெளியிட்ட ஆய்வும், செய்பவரின் பார்வையில் எடுத்த காணொளியைக் கண்டவர்களே நன்றாகச் செய்தார்கள் என்று காட்டியது. கைபேசியை நிமிர்த்திப் பிடித்தே பார்ப்பார்கள் என்பதால் படத்தையும் நிமிர்த்தியே எடுங்கள். முகம் வேண்டாம், கைகள் மட்டும் திரையை நிறைத்தால் போதும்.

பயிற்சி முடிந்த அன்று தேர்வு வைத்தால் எல்லோரும் தொண்ணூறுக்கு மேல் வாங்குகிறார்கள். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் விழிக்கிறார்கள். கைபேசியால் இதைச் சரிசெய்ய முடியுமா?
— பயிற்றுநர், ஓசூர்

கைபேசி உண்மையிலேயே வகுப்பறையை வெல்லக்கூடிய இடம் இதுதான். பயிற்றுநரால் வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு தொழிலாளியிடமும் போய் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வர முடியாது, கைபேசியால் முடியும்.

மறதி பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்காஸ் 1885இல் வெளியிட்ட மறதி வளைகோட்டைக் காட்டுவார்கள். அவர் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர். மனப்பாடம் செய்தவையும் பொருளற்ற அசைகள். ஆகவே 'ஒரு நாளில் இத்தனை விழுக்காடு மறந்துபோகும்' என்று அந்த எண்களை எடுத்து ஊசி உடைந்த கதைக்குப் பொருத்துவது சரியல்ல. ஆனால் இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது ஒரே மூச்சில் படிப்பதைவிட நிற்கும் என்று அவர் கண்டது பிற்கால ஆய்வுகளிலும் மீண்டும் மீண்டும் உறுதிப்பட்டிருக்கிறது.

உங்கள் ஐயத்துக்கு நேரடியான விடை, ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு முறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். உங்கள் தொண்ணூறு மதிப்பெண் அந்த ஐந்தாவது நிமிடத் தேர்வைப் போன்றது.

அதனால் அன்றைய தேர்வை நிறுத்திவிட்டு, மூன்றாம் நாள், பத்தாம் நாள், ஒரு மாதம் கழித்து என்று இடைவெளி விட்டு ஒவ்வொரு கேள்வியாக அனுப்புங்கள். பாடத்தை மறுபடி அனுப்பாதீர்கள். கேள்வியை மட்டும் அனுப்புங்கள். விடையைத் தொட்ட பிறகுதான் விளக்கம் வர வேண்டும். அதே கேள்வியை அப்படியே கேட்காமல் சூழலை மாற்றுங்கள்: முதல் முறை முனை காணாமல் போனது என்றால், அடுத்த முறை உடைந்த ஊசி பக்கத்து இயந்திரத்துக்காரருடையது, அவர் சாப்பிடப் போயிருக்கிறார். தவறாகச் சொன்னவருக்குச் சீக்கிரமும் சரியாகச் சொன்னவருக்குத் தாமதமாகவும் அடுத்த கேள்வி போகட்டும். இதற்குப் பெரிய மென்பொருள்கூட வேண்டாம், ஒரு விரிதாளை வைத்தே நடத்திவிடலாம்.

புள்ளிகள், பதக்கங்கள், முதலிடம் பிடித்தவர்களின் பட்டியல் ஆகியவற்றைச் சேர்த்தால் ஆர்வம் கூடுமா?
— மென்பொருள் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்

முதல் இரண்டு வாரம் கூடும். பிறகு முதல் ஐந்து பேர் மட்டும் விளையாடுவார்கள், கடைசி ஐம்பது பேர் தங்கள் பெயரைக் கடைசியில் பார்த்துக் கூசுவார்கள். பயிற்சி அந்த ஐம்பது பேருக்குத்தான் தேவை.

மலைக்கிராமங்களில் வேலை செய்யும் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறோம். பல இடங்களில் இணையம் வருவதில்லை. சிலரிடம் பொத்தான் கைபேசிதான் இருக்கிறது. இவர்களுக்குக் கைபேசிப் பயிற்சி சாத்தியமா?
— தொண்டு நிறுவன ஊழியர், ஜவ்வாது மலை

நன்றாகவே சாத்தியம். நாட்டின் பெரிய முன்மாதிரி ஒன்று பொத்தான் கைபேசிக்காகவே உருவானது. பீகாரில் ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்காக பிபிசியின் தொண்டு அமைப்பான பிபிசி மீடியா ஆக்‌ஷன் தொடங்கி, பிறகு 2016 ஜனவரியில் நடுவண் அரசின் சுகாதார அமைச்சகம் தேசிய அளவில் எடுத்துக்கொண்ட 'மொபைல் அகாடமி' முழுக்க முழுக்கக் குரல்வழிப் பயிற்சி. பணியாளர் ஓர் எண்ணுக்கு அழைத்தால் டாக்டர் அனிதா என்ற கற்பனைப் பாத்திரம் பேசும். 11 அத்தியாயங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு பாடங்கள், அத்தியாய முடிவில் எண்களை அழுத்தி விடை சொல்லும் கேள்விகள், மொத்தம் 240 நிமிடம். பாதியில் துண்டித்தாலும் அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். திரையே தேவையில்லாத இந்தப் பயிற்சியிடமிருந்து தொடுதிரைச் செயலி செய்பவர்கள் கற்க வேண்டியது நிறைய உண்டு. முகம் தெரியாத அறிவிப்புக் குரலுக்குப் பதில், தன் வேலையை அறிந்த, தன்னை மதிக்கும் ஒருவர் பேசுவது போல அமைத்தது அதில் முதன்மையானது.

திறன்பேசி வைத்திருப்பவர்களுக்குப் பாடத்தின் எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதிந்த மூன்று நிமிடக் காணொளி 90 மெகாபைட் வரும். அதையே 500 கிலோபிட்டுக்குக் குறைத்தால் 11 மெகாபைட்டுக்குச் சற்று மேல். அதே மூன்று நிமிடத்தை 32 கிலோபிட் குரலாக மட்டும் வைத்தால் 720 கிலோபைட்தான். அதோடு சுருக்கிய ஆறு நிழற்படங்களைச் சேர்த்தாலும் ஒரு மெகாபைட்டைச் சுற்றியே நிற்கும். குழந்தையின் எடை எடுப்பதையோ மருந்துக் கரைசல் கலப்பதையோ விளக்க ஆறு நல்ல படங்களும் ஒரு நல்ல குரலும் பெரும்பாலும் போதும். மாதக் கூட்டத்துக்குக் கீழே வரும்போது அந்த மாதப் பாடங்களை இறக்கிக்கொண்டு, மலையில் இணையம் இல்லாமலே பார்த்து, விடைகள் அடுத்த முறை இணையம் கிடைக்கும்போது தானாகப் போய்ச் சேரும்படி அமைக்கச் சொல்லுங்கள். இதை முதல் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். செயலி முடிந்த பிறகு சேர்ப்பது கட்டிய வீட்டுக்குக் கீழே அடித்தளம் போடுவது போன்றது.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு ராத்திரியில் எங்கள் சொந்த போனில் பாடம் பார்த்து முடிக்கச் சொல்கிறார்கள். முடிக்காவிட்டால் மறுநாள் காலையில் எல்லோர் முன்னாலும் பெயரை வாசிக்கிறார்கள். இது சரியா?
— ஆலைத் தொழிலாளி, திண்டுக்கல்

சரியல்ல, அம்மா. நிறுவனத்துக்குத் தேவையான பயிற்சி நிறுவனத்தின் நேரத்தில், நிறுவனத்தின் செலவில் நடக்க வேண்டியது. உங்கள் ஆலையில் தொழிலாளர் குழு இருந்தால், வேறு சிலரையும் சேர்த்துக்கொண்டு அங்கே இதை எழுத்தில் கொடுங்கள். தனியாளாகக் கேட்க வேண்டாம்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மனிதவள அலுவலர்களுக்கும் ஒரு வார்த்தை. பல வீடுகளில் ஒரே கைபேசிதான் இருக்கும். இரவில் அது பிள்ளையின் கையில் இருக்கும். 'முடித்தார்' என்று உங்கள் அறிக்கையில் வரும் பெயர்களில் எத்தனை பாடங்களை எட்டாம் வகுப்பு மகன் முடித்தான் என்று உங்களுக்குத் தெரியாது. லைனுக்கு இரண்டு கைக்கணினி (டேப்லெட்) வாங்கி வைத்து, ஷிப்ட் தொடக்கத்தில் பத்து நிமிடம் ஒதுக்குவது எல்லா வகையிலும் மலிவு. சொந்தக் கைபேசியில்தான் வேண்டும் என்றால், தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்கும் செயலியை ஏற்காதீர்கள். பாடம் காட்ட அவை எதற்கு?

சிறு பட்டறை வைத்திருக்கிறேன், பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். தனிச் செயலி எல்லாம் கட்டுப்படியாகாது. வாட்ஸ்அப் குழு போதுமா?
— லேத் பட்டறை உரிமையாளர், அம்பத்தூர்

பதினெட்டுப் பேருக்குத் தாராளமாகப் போதும். ஒரே ஒரு சிக்கல்: போன மாதம் அனுப்பிய பாடம் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும், திருத்திய பாடத்தை அனுப்பினாலும் பழையது சிலரிடம் தங்கிவிடும். அதனால் நீங்கள் மட்டுமே பதிவிடக்கூடிய தனிக் குழுவாக வையுங்கள். எடுத்துப் பார்க்க வேண்டிய குறிப்புகளைக் குழுவில் போடாமல் இணையத்தில் ஒரே இடத்தில் வைத்து, அந்தந்த இயந்திரத்தின் மேல் கியூஆர் குறியை ஒட்டிவிடுங்கள். இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு அந்த இயந்திரத்தின் குறிப்பு மட்டும் திறக்கும். திருத்தினால் எல்லோருக்கும் புதியதே தெரியும்.

கியூஆர் குறி பிறந்ததே தொழிற்கூடத்தில்தான். ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் வாகன உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக 1994இல் உருவாக்கினார்கள். குறியின் ஒரு பகுதி அழிந்தாலும் படிக்கும்படியான பிழைதிருத்த வசதி அதில் நான்கு நிலைகளில் உண்டு. உச்ச நிலையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை சிதைந்தாலும் படிக்கும். குறியை உருவாக்கும்போது அந்த நிலையைத் தேர்ந்தெடுத்து, பெரிதாக அச்சிட்டு லேமினேட் செய்யுங்கள்; எண்ணெய்க் கையும் இரும்புத் தூளும் படும் இடமல்லவா?

பயிற்சி பலன் தருகிறதா என்று எப்படி அறிவது? எங்கள் மென்பொருள் 98 விழுக்காடு நிறைவு என்று காட்டுகிறது.
— தரக் கட்டுப்பாட்டு மேலாளர், கரூர்

அந்த எண் 98 விழுக்காட்டினருக்குக் கைபேசியைத் தொடத் தெரியும் என்பதைச் சொல்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-60இல் எழுதிய கட்டுரைகளில், பயிற்சியை நான்கு படிகளில் பார்க்கச் சொன்னார்: கற்றவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் அதன்படி நடக்கிறாரா, அதனால் நிறுவனத்துக்கு என்ன விளைந்தது. பெரும்பாலான மென்பொருள்கள் முதல் இரண்டிலேயே நின்றுவிடுகின்றன. மூன்றாவதை எந்தச் செயலியும் உங்களுக்குச் சொல்லாது. லைனுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

நீங்களும் துணித் தொழிலில் இருப்பதாக எழுதியிருப்பதால், திருப்பூர் வாசகருக்குச் சொன்ன ஊசிப் பாடத்தையே எடுத்துக்கொள்கிறேன். பாடத்தை எல்லா லைனுக்கும் ஒரே நாளில் அனுப்பாமல், முதல் மாதம் இரண்டு லைனுக்கு மட்டும் அனுப்புங்கள். பிறகு ஊசிப் பதிவேட்டை எடுத்து, அந்த இரண்டு லைனையும் மற்றவற்றையும் ஒப்பிடுங்கள். ஸ்டோரிலிருந்து போன ஊசிகளின் எண்ணிக்கையும் பதிவேட்டில் ஒட்டிய உடைந்த ஊசிகளின் எண்ணிக்கையும் பொருந்துகின்றனவா, 'முனை கிடைக்கவில்லை' என்ற பதிவுகள் எத்தனை, அப்படிப் பதிந்த ஒவ்வொரு முறையும் பீஸ்கள் மெட்டல் டிடெக்டருக்குப் போயினவா என்று பாருங்கள்.

பாடம் போன லைன்களில் உடைந்த ஊசிகளின் பதிவு முதல் மாதம் கூடலாம். அதைக் கண்டு பாடத்தை நிறுத்திவிடாதீர்கள், அந்த லைன் சூப்பர்வைசரையும் கடிந்துகொள்ளாதீர்கள். ஊசிகள் முன்பும் அதே கணக்கில்தான் உடைந்திருக்கும், இப்போது சொல்கிறார்கள்.